அடையாற்றுப் புள்ளித் திருக்கை

செத்த மீனைப் பார்த்து உயிருள்ள மீனின் படத்தை எழுதுவதுதான் கொழும்பில் என் உத்தியோகம். பதினோரு வருஷமாக இதைச் செய்து வருகிறேன். பெரும்பாலான மீன்கள் இதற்கு இடம் கொடுக்கும். பாரையும் கொடுவாவும் ஒரு நாள் பனிக்கட்டியில் கிடந்தாலும் தங்கள் நிறத்தில் பாதியையாவது எனக்காக வைத்திருக்கும். புள்ளித் திருக்கை மட்டும் என்னை ஏமாற்றிக்கொண்டே வந்தது. வள்ளத்திலிருந்து கரைக்கு இறங்குவதற்குள் அது நனைந்த சாக்கின் நிறத்துக்கு வந்துவிடும். மூன்று தடவை அதை எழுதினேன். மூன்று தடவையும் எங்கள் துரை படத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீன்களைப் பற்றி அவர் எழுதிவரும் பெரிய புத்தகத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான் பாக்கி.

அப்போது சென்னையிலிருந்து துரையின் சிநேகிதர் ஒருவர் கடிதம் எழுதினார். அடையாறு கடலில் சேருகிற வாய் வெயில் காலத்தில் மணலால் அடைபட்டுவிட்டதாம். ஆறு உள்ளே தேங்கிப் பெரிய உப்பங்கழியாகிவிட்டதாம். அதற்குள் சுறாக் குட்டிகளும் திருக்கைகளும் மாட்டிக்கொண்டு சுற்றுகின்றனவாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றே பார்க்கலாமாம். துரை கடிதத்தை என் முன்னால் போட்டார். "மழை வந்தால் மணல் உடைந்துவிடும். அதற்கு முன் போய், உயிரோடு பார்த்து எழுதிக்கொண்டு வா" என்றார். ஐப்பசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸின் மாடி அறையில் இறங்கினேன். மெஸ்ஸை நடத்துகிறவர் சாம்பு ஐயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கீழே நாற்பது இலை போட்டு, நாற்பது பேரின் வீட்டு விஷயத்தையும் தெரிந்து வைத்திருப்பவர். முதல் நாள் இலையில் உட்கார்ந்தபோதே எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. எங்கள் வீடுகளில் தேங்காய் இல்லாமல் எதுவும் அடுப்பில் ஏறாது. இங்கே அந்த இடத்தைப் பெருங்காயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேநீரிலே வளர்ந்த எனக்கு அவர் கொடுத்த காப்பி இரண்டு வாய்தான் கசந்தது. மூன்றாவது வாயில், இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று தோன்றியது.

"என்ன காரியமா வந்திருக்கேள்?" என்று சாம்பு ஐயர் கேட்டார்.

"திருக்கை பார்க்க வந்தனான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பேஷ். எங்கே இருக்கு?"

"அடையாற்றில்."

"இத்தனை வருஷமா இங்கே இருக்கேன், எனக்குத் தெரியலையே. உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒருத்தர் கடிதம் எழுதினவர்."

"எல்லாத்துக்கும் ஒரு அழைப்பு வரணும், பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தார். மற்ற இலைகளுக்கு அன்று பாயசம் இல்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு மயிலாப்பூரில் செய்யும் மரியாதை போலும் என்று நினைத்துக் குடித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு ஜட்கா பிடித்தேன். கிண்டி ரேஸில் ஓடிய குதிரை என்று ஜட்காக்காரர் சொன்னார். எந்த ராஜா காலத்தில் என்று சொல்லவில்லை. ஆறு கடலில் விழும் இடத்தை எங்கள் ஊரில் முகத்துவாரம் என்போம். "முகத்துவாரத்துக்குப் போகவேணும்" என்றேன். அவர் என் முகத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டினார். நாலு தெரு சுற்றி ஒரு சின்னக் கடை வாசலில் வண்டி நின்றது. உள்ளே ஒரு பத்தர் கரியடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"இதான் சார். மயிலாப்பூர்ல மூக்கு குத்தறதுக்கு இவர வுட்டா ஆளு கெடையாது" என்றார் ஜட்காக்காரர்.

பத்தர் ஊசியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு? குழந்தையைக் கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டார். முகத்தில் துவாரம் போட வந்தவன் நான் இல்லை என்று இரண்டு பேருக்கும் புரியவைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. "ஆத்து வாயின்னு சொல்றதுக்கு இன்னா சார்?" என்று ஜட்காக்காரர் மனத்தாங்கலோடு கேட்டார். அன்றிலிருந்து நான் ஆத்து வாய் என்றே சொன்னேன்.

அந்த ஆத்து வாயைப் பார்த்ததும் பத்தரையும் மூக்கையும் மறந்தேன். இந்தப் பக்கம் கண்ணாடி போல அசையாத தண்ணீர், அந்தப் பக்கம் இரைகிற கடல், நடுவில் ஐம்பது அடி அகலத்தில் ஒரு மணல் மேடு. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன முக்கோணங்கள் கோடு கிழித்துக்கொண்டு போயின. எல்லாம் சுறாக் குட்டிகளின் முதுகுத் துடுப்புகள். கொழும்பில் இதைப் பார்க்கப் படகு எடுத்து, பாதி நாள் வாந்தி எடுக்க வேண்டும். இங்கே செருப்பைக் கழற்றினால் போதும்.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண்பிள்ளை குனிந்து, கையாலேயே தரையைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததை இடுப்பில் கட்டிய ஓலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே வந்தாள். பெயர் அஞ்சலை. பட்டினப்பாக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள். காலையில் இங்கே இறால் பிடித்து, பிறகு மயிலாப்பூரைச் சுற்றியுள்ள தெருக்களில் விற்கிறவள்.

"புள்ளித் திருக்கையைக் கீற வந்தனான்" என்றேன். எங்கள் ஊரில் படம் கீறுவது என்றால் வரைவது.

அவள் நிமிர்ந்தாள். "எதுக்கு கீறணும்? அது உன்ன இன்னா பண்ணுச்சி?"

பையிலிருந்து தாளையும் தூரிகையையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் அவள் முகம் இளகியது. "படமா? அப்ப சொல்லு. வெய்ய காலத்துல ஆத்து வாய் அடச்சிக்கிச்சி அண்ணாத்த. குட்டி போட உள்ள வந்ததுங்க, குட்டிங்க, எல்லாம் மாட்டிக்கிச்சி. பால் சொறா கீது, உழுவ கீது, திருக்கையில நாலஞ்சி தினுசு கீது. உன் புள்ளிக்காரன் அதா, பாரு."

அவள் காட்டிய இடத்தில் இரண்டு முக்கோணங்கள் அருகருகே போய்க்கொண்டிருந்தன. "அது ரெண்டு சுறா" என்றேன்.

"ரெண்டில்ல, ஒண்ணுதான். ரெண்டு ரெக்கையோட முனை."

அவள் சொல்லி முடிக்கும்போது அது திரும்பியது. ஒரு கணம் முழு முதுகும் தெரிந்தது. நாவற்பழத்தைத் தண்ணீரில் போட்டால் தோன்றுமே, கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, அந்த நிறம். அதன்மேல் அரிசியை அள்ளி வீசியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மூன்று தடவையும் சாக்கைத்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

மத்தியானம் அஞ்சலை தன் வீட்டுச் சுறாப் புட்டில் ஒரு பங்கு கொடுத்தாள். இதையே எங்கள் ஊரில் சுறா வறை என்போம். தேங்காய்ப்பூ நிறையப் போடுவோம். இங்கே தேங்காய் இல்லை. பூண்டும் வெங்காயமும் மிளகும் போட்டு உதிர்த்திருந்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அங்கேயும் இதைத்தான் கொடுப்போம் என்று சொன்னேன். "அப்ப நீங்களும் நம்ம ஜனந்தான்" என்று சொல்லி இன்னும் ஒரு பிடி வைத்தாள். மாலையில் மெஸ்ஸுக்குத் திரும்பியபோது சாம்பு ஐயர் மூக்கைச் சுளித்து, "ஏதோ வாடை வரதே" என்றார். கடற்காற்று என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன். அன்றும் பாயசம் வந்தது.

மூன்றாம் நாள் நானும் தண்ணீரில் இறங்கினேன். அஞ்சலை ஒன்றே ஒன்று சொல்லித்தான் இறக்கினாள். "கால தூக்கி வெக்காத. தரையோட தேச்சிக்கினே வா. திருக்க மண்ணுக்குள்ள பொதஞ்சிக்கினு கெடக்கும். தேச்சிக்கினு போனா அதுவே நவுந்துடும். மிதிச்சா வுடாது."

அரை மணி நேரம் நல்ல பிள்ளையாகத் தேய்த்துக்கொண்டு போனேன். பிறகு பத்தடி தூரத்தில் அந்த இரண்டு முனைகளும் எழுந்தன. புத்தி போய்விட்டது. காலைத் தூக்கி ஓடினேன். நாலாவது அடியில் என் பாதத்துக்குக் கீழே தரையே துள்ளியது. பிறகு கணுக்காலில் காய்ச்சிய கம்பியை ஏற்றியதுபோல இருந்தது. குத்தியது புள்ளித் திருக்கை அல்ல, மண் நிறத்தில் ஒரு சாதாரணத் திருக்கை. வலி முழங்காலுக்கும் தொடைக்கும் ஏறியது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அஞ்சலையின் புருஷன் கரையில் வீச்சு வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கள் குடிசைக்குப் போனார். அவள் அவர் பெயரைச் சொல்லமாட்டாள். அவரும் அதிகம் பேசமாட்டார். முள்ளின் துண்டைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து, தாங்கமுடிகிற கடைசிச் சூட்டில் காலை அதற்குள் அழுத்தினாள் அஞ்சலை. ஆற ஆற மேலும் ஊற்றினாள். இரண்டு மணி நேரத்தில் வலி முழங்காலோடு நின்றது. "தூக்கி வெக்காதன்னு சொன்னேன் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஜட்காவிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கிய என்னைப் பார்த்து சாம்பு ஐயர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

"திருக்கை குத்திப்போட்டுது."

அவர் அப்படியே நின்றார். "திருக்கையா? குத்தித்தா?"

"ஓம். வாலில முள்ளு இருக்கு."

"கைக்கு ஏது வால்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் கையால் காற்றில் ஒரு மீனை வரைந்து காட்டினேன். சாம்பு ஐயர் மாடிப்படியில் மெதுவாக உட்கார்ந்தார். யாரோ ஒரு மகானின் கையை அடையாற்றங்கரையில் பிரதிஷ்டை செய்திருப்பதாகவும், அதைத் தரிசிக்க நான் கொழும்பிலிருந்து வந்திருப்பதாகவும் இரண்டு நாளாக அவர் இலைக்கு இலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்போ நான் பாயசம் போட்டது மீனுக்கா?" என்று கேட்டார்.

வேறு அறை தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி வெந்நீர் இருந்தது. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "காலை நீட்டும் ஓய். இனிமே கிணத்தடியில குளிச்சுட்டுத்தான் மாடி ஏறணும், சொல்லிட்டேன்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவருக்கு ஓய் ஆகிவிட்டேன்.

நாலாம் நாள் படுத்தே கிடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை போல இடித்து முழக்கிக்கொண்டு வரவில்லை. வேலைக்கு வந்த ஆள் மாதிரி விடியற்காலையில் ஆரம்பித்து நிற்காமல் பெய்தது. இலை எடுக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் சாம்பு ஐயர் என் அறையில்தான் இருந்தார். "அது முட்டையா, குட்டியா?" என்பார். குட்டி என்பேன். "பல்லு உண்டா?" உண்டு, சிப்பியை ஓட்டோடு நொறுக்கும் என்பேன். "ராமா" என்று காதைப் பொத்திக்கொண்டு போவார். ஐந்து நிமிஷத்தில் அடுத்த கேள்வியோடு வருவார்.

சாயங்காலம் தெருவிலிருந்து "சிலோன் அண்ணாத்த" என்று ஒரு குரல். அஞ்சலை கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்றாள். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

"நாளிக்கி ஆத்து வாய வெட்றாங்க" என்றாள்.

எனக்குக் கால் வலி மறந்துபோயிற்று. "இன்னும் ரெண்டு நாள் பொறுக்க ஏலாதா? நான் இன்னும் ஒரு கோடும் கீறேல்லை."

"ஆத்தங்கரைல குடிச போட்டுக்கினு கீறாங்களே, அவங்க ஊட்டுக்குள்ள முட்டிக்கால் தண்ணி. கொழந்தைங்கள பரண் மேல வெச்சிக்கினு குந்திக்கினு கீறாங்க. நீ ரெண்டு நாளுன்ற." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. "அது இல்லாங்காட்டியும், மேலேர்ந்து மழத்தண்ணி எறங்குது. உப்பு கொறஞ்சிதுன்னா உன் புள்ளிக்காரன் தாங்க மாட்டான். எல்லாம் செத்து மெதக்கும்."

"சரி, வெட்டட்டும்" என்றேன்.

"மத்தியானம் கடல் வத்தும்போதுதான் வெட்டுவாங்க. காலீல வா. எங்க ஊட்டுக்காரரு ஒண்ணு புடிச்சித் தராரு. மண்ணுல பள்ளம் தோண்டி வுட்டா கலங்கிப்பூடும், ஒண்ணும் தெரியாது. அகலமா ஒரு பாத்திரம் எடுத்துக்கினு வா."

அவள் போன பிறகு நான் மாடிப்படியில் நின்று கீழே பார்த்தேன். அடுப்பங்கரையில் சாம்பார் வைக்கிற பெரிய அண்டா கவிழ்ந்திருந்தது. சாம்பு ஐயர் என் பார்வையைப் பிடித்துவிட்டார்.

"அந்த எண்ணமே வேண்டாம்" என்றார்.

"நான் ஒன்றும் கேட்கேல்லையே."

"கண்ணு கேக்கறதே." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு குடையை எடுத்தார். "காதர் பாய்னு ஒருத்தர் இருக்கார். கல்யாண சமையல். ரெண்டு பேருக்கும் ஒரே விறகுக் கடை. ஈர விறகு போட்டான்னு சேர்ந்து சண்டை போட்டிருக்கோம். அவர்கிட்ட உம்மையே உக்கார வைக்கற மாதிரி ஒரு தேக்சா இருக்கு. வாரும்."

காதர் பாய் தேக்சாவைத் திண்ணென்று தட்டிக் காட்டினார். இரண்டு முழ வாய், செம்பு, உள்ளே புதிதாக ஈயம் பூசி வெள்ளி மாதிரி மின்னியது. "என்ன கல்யாணம் சாப்?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்லை. ஒரு மீன்."

"எத்தினி பேருக்கு?"

"யாரும் சாப்பிடறதுக்கு இல்ல பாய்" என்று சாம்பு ஐயர் குறுக்கே வந்தார். "அது உசுரோட இருக்கும். இவர் அதைப் பார்த்துப் படம் போடுவார். அப்பறம் விட்டுடுவார்."

காதர் பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நாள் ராத்திரி ராயப்பேட்டையில் ஒரு நிக்காஹ் விருந்து இருந்தது; மூன்று மணிக்குத் தேக்சா அடுப்பில் ஏறியாக வேண்டும். பிரியாணிப் பாத்திரத்தில் உயிருள்ள மீனைத் தண்ணீரோடு விடுவது இதுவரை அவர் கேள்விப்பட்ட யோசனை அல்ல. "அய்யரு வந்து கேட்டு இல்லேன்னு சொன்னா நல்லா இருக்காது" என்றார் கடைசியில். "ஆனா நானும் வரேன். தேக்சாவ தனியா எங்கயும் அனுப்பறது இல்ல."

ஐந்தாம் நாள் காலை ஜட்காவில் தேக்சா, காதர் பாய், சாம்பு ஐயர், நான். பின்பாரம் தாங்காமல் வண்டியின் ஏர்க்கால் மேலே கிளம்ப, ரேஸ் குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாராவது ஒருவர் இறங்க வேண்டும் என்றார் ஜட்காக்காரர். என் கால் வீக்கத்தைப் பார்த்து யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. தேக்சாவை முன்னால் தள்ளி அதற்குள் என்னை உட்காரவைத்தார்கள். கடைத்தெருவைத் தாண்டும்போது எதிரே பஸ்ஸில் வந்தவர்களெல்லாம் தலையை வெளியே நீட்டினார்கள். கொழும்பில் பதினோரு வருஷ உத்தியோகத்தில் எனக்கு இவ்வளவு பார்வையாளர்கள் கிடைத்ததில்லை.

மணல் மேட்டில் மண்வெட்டியோடு ஆட்கள் கூடியிருந்தார்கள். குப்பத்தாரும், ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களுமாக நூறு பேர் இருக்கும். தூறல் விடவில்லை. அஞ்சலையின் புருஷன் வலையை வீசினார். முதல் வீச்சில் மடவை மீன்கள். இரண்டாவதில் முழங்கை நீளத்தில் இரண்டு பால் சுறா. எடுத்துத் தண்ணீரிலேயே விட்டார். அடுத்த இரண்டும் வெறுமை. ஐந்தாவது வீச்சில் வலை தானாக நடந்தது.

இரண்டு கை அகலத்தில் ஒரு குட்டிப் புள்ளித் திருக்கை. வாலில் முள் இருக்கும் இடத்தை ஈரத்துணியால் சுற்றி, உப்பங்கழித் தண்ணீர் நிரம்பிய தேக்சாவுக்குள் அவர் அதை இறக்கினார். ஈயம் பூசிய அந்த வெள்ளைத் தரைக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. வாத்தின் அலகு மாதிரி மூக்கு. இரண்டு பக்கமும் பெரிய கண். இறக்கைகளை மெல்ல அடித்துக்கொண்டு அது வட்டமாகச் சுற்றியது.

"மாஷா அல்லா" என்றார் காதர் பாய், மிகவும் மெதுவாக.

நான் பலகையை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். நடுமுதுகிலிருந்து தொடங்கி இடது இறக்கை. தூறல் தாளில் விழுந்து நிறத்தைக் கரைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருபதடி தள்ளி, மேல்துண்டால் மூக்கை மூடி நின்றிருந்த சாம்பு ஐயர், பதினைந்து அடிக்கு வந்தார். பத்தடிக்கு வந்தார். பிறகு என் தலைக்கு மேல் தூறல் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். தன் குடையைத் தாளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றார். "என்னைப் பார்க்காதேயும். அதைப் பாரும்" என்றார்.

காதர் பாயும் ஜட்காக்காரரும் பழைய தண்ணீரை மொண்டு கொட்டி, புதுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. கை என் சொல் கேட்டது. இடது இறக்கை, கண், மூக்கு, முதுகு எல்லாம் தாளில் வந்துவிட்டன. வலது பக்கத்துக்குப் பென்சிலால் வரம்பு போட்டேன். அந்த நேரம் மணல் மேட்டில் கூச்சல் எழுந்தது. முதல் மண்வெட்டி விழுந்துவிட்டது.

அஞ்சலை தேக்சாவுக்குள் குனிந்து பார்த்தாள். "மூச்சு வாங்குது அண்ணாத்த. உட்டுடு."

"இன்னும் அரை மணித்தியாலம்" என்றேன்.

அவள் தேக்சாவை விட்டு நகரவில்லை. நான் வலது இறக்கையின் முதல் புள்ளியைத் தேடினேன். திருக்கை சுற்றுவதை நிறுத்திவிட்டு அடியில் படுத்திருந்தது. இறக்கை ஓரத்தில் அந்த நாவற்பழக் கருமை மங்க ஆரம்பித்திருந்தது. மங்கிய இடத்தில் வந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். நனைந்த சாக்கு. அதை நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். நாலாவது தடவை அதை எழுதவா கடல் கடந்து வந்தேன் என்று தோன்றியது. துரையின் முகமும் கண் முன்னால் வந்தது, வராமல் இல்லை. தூரிகையைத் தண்ணீரில் கழுவிப் பையில் வைத்தேன்.

"தூக்குங்கோ" என்றேன்.

தேக்சாவின் ஒரு காதைக் காதர் பாயும், மறு காதை அஞ்சலையின் புருஷனும் பிடித்தார்கள். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். மணலில் முழ அகலத்துக்கு வெட்டிய வாய்க்கால் நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஆள் அகலம் ஆகிவிட்டது. தண்ணீர் தானே கரையை அறுத்துத் தின்றுகொண்டு கடலுக்கு ஓடியது. தேக்சாவைப் பக்குவமாகச் சாய்த்தார்கள். திருக்கை ஆழமில்லாத ஓரத்தில் விழுந்து அசையாமல் கிடந்தது.

அஞ்சலையின் புருஷன் குனிந்து, வால் துணியை உருவிவிட்டு, அதன் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து நீரோட்டத்துக்கு நேராகத் திருப்பினார். இரண்டு கையாலும் லேசாக முன்னும் பின்னும் ஆட்டினார். ஒரு தடவை இறக்கை அடித்தது. பிறகு இன்னொரு தடவை. அப்புறம் அவர் கையில் ஒன்றும் இல்லை. வாய்க்காலின் நடுவில் ஒரு கருநீலம் பறந்து, முதல் அலைக்குக் கீழே நுழைந்து மறைந்தது.

"பூட்ச்சி" என்றார் அவர். மூன்று நாளில் அவர் என் காதுபடப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன் பின்னாலேயே மற்றவையும் புறப்பட்டன. சுறாக் குட்டிகள் வரிசையாக வந்து, வாய்க்காலின் வேகத்தைக் கண்டு ஒரு கணம் தயங்கி, ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போயின. பாதி சுறாவும் பாதி திருக்கையுமான உழுவை ஒன்று வயிற்றை மணலில் தேய்த்துக்கொண்டு போயிற்று. மேட்டில் நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஒருத்தி கையைத் தட்டி, "எறங்குது, வாசப்படி தெரியுது" என்று கூவினாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். சாம்பு ஐயர் முழங்காலளவு தண்ணீரில், நனைந்த வேட்டியோடு, யாருமில்லாத இடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஊர்லேயே பொறந்தேன் ஓய்" என்றார். "இந்த இடத்துக்கு இன்னிக்குத்தான் வந்தேன்."

காதர் பாய் தேக்சாவைப் புளி போட்டு மூன்று தரம், மணல் போட்டு இரண்டு தரம் தேய்த்தார். மோந்து பார்க்கச் சொல்லி சாம்பு ஐயரிடமே நீட்டினார். சாம்பு ஐயர் ஒரு நிபுணரைப் போல மோந்து, சரி என்று தலையசைத்தார். மூன்று மணிக்கு அது அடுப்பில் ஏறிவிட்டது. ராத்திரி நிக்காஹ் விருந்துக்குக் காதர் பாய் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் ஊர் புரியாணியில் அவித்த முட்டையும் முந்திரிப் பருப்பும் தேடிப் பழகியவன் நான். இங்கே இரண்டும் இல்லை; இருந்த இறைச்சிக்கு அவை தேவையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உப்பு இன்றைக்கு அளவாக இருக்கிறது என்று பாராட்டினார். நானும் காதர் பாயும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

கொழும்புக்கு வந்து இரண்டாம் நாள் படத்தைத் துரையின் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இடது பக்கம் நிறத்தோடும், வலது பக்கம் வெறும் பென்சில் கோடாகவும் இருந்தது.

"மற்றப் பாதி எங்கே?" என்று கேட்டார்.

"கடலுக்குப் போய்விட்டது, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. "இரண்டு பக்கமும் ஒன்றுதானே. இதைப் பார்த்து அதையும் எழுதிவிடலாமே."

"இடது பக்கத்தில் நாற்பத்தொரு புள்ளி, ஐயா. வலது பக்கத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை."

துரை மறுபடியும் படத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். தேக்சா முதல் வாய்க்கால் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் உறையை எடுத்து, படத்தை அதற்குள் வைத்து, மேலே அச்சகத்தின் பெயரை எழுதினார்.

"அப்படியே போகட்டும்" என்றார்.